மனம் தடுமாறும்போது 999: ஆம்புலன்ஸ் குழு என்ன செய்கிறது?

படிவம் 4 அறிவியல் பாடத்தில் அவசர உதவி பற்றிய அத்தியாயம் ஒன்று உண்டு. மூச்சும் நாடித்துடிப்பும் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் சி.பி.ஆர்., தொண்டையில் உணவு சிக்கியவருக்குச் செய்யும் ஹெய்ம்லிச் முறை ஆகிய இரண்டையும் அதில் படிக்கிறோம். தேர்வுக்கும் வரும், வாழ்க்கைக்கும் உதவும்.

இப்போது வேறொரு சூழலை நினைத்துப் பாருங்கள். ஒருவருக்கு இதயம் நன்றாகத் துடிக்கிறது. மூச்சுக் குழாயில் அடைப்பு இல்லை. ஆனால் அவர் இரண்டு நாளாகத் தூங்கவில்லை. அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, “என்னைக் கொல்ல வராங்க” என்று கத்துகிறார். வீட்டில் உள்ளவர்கள் கைகால் நடுங்க வாசலில் நிற்கிறார்கள். இதற்கு என்ன முதலுதவி?

பல வீடுகளில் அடுத்து நடப்பது நமக்குத் தெரிந்ததுதான். பக்கத்து வீட்டாருக்குக் கேட்காமல் இருக்க சன்னலைச் சாத்துவார்கள். நாலு பேர் சேர்ந்து பிடித்துக் கட்டுவார்கள். யாராவது பூசாரியைக் கூப்பிடுவார்கள். 999 என்ற எண் கடைசியாகத்தான் நினைவுக்கு வரும், சில வீடுகளில் வராமலேயே போய்விடும். “மனசு சரியில்லாததுக்கு எல்லாம் ஆம்புலன்ஸ் வருமா?” என்று கேட்பவர்களும் உண்டு.

வரும். நெஞ்சுவலிக்கு வருவதைப் போலவே இதற்கும் வரும். அப்படி வருபவர்கள் என்ன செய்கிறார்கள், ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

மனநல நெருக்கடி என்பது எது?

மனநோய் உள்ள எல்லாரும் நெருக்கடியில் இருப்பதில்லை. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டு நம்மிடையே பலர் இருக்கிறார்கள். ஒருவருடைய எண்ணமும் உணர்ச்சியும் அவருடைய கட்டுப்பாட்டை மீறி, அவருக்கோ மற்றவருக்கோ ஆபத்து வரலாம் என்ற நிலை ஏற்பட்டால் அதையே நெருக்கடி என்கிறோம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், இல்லாத குரல் கேட்பது, கடுமையான பீதித் தாக்குதல், காரணம் புரியாத கட்டுக்கடங்காத பதற்றம் ஆகியவை இதில் அடங்கும்.

இது பெரியவர்களுக்கு மட்டும் உரியது அன்று. 2022-இல் நம் நாட்டு இடைநிலைப்பள்ளி மாணவர்களிடையே நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வில், ஏறக்குறைய நான்கில் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் தென்பட்டன. நாற்பது பேர் உள்ள வகுப்பில் அது ஏறக்குறைய பத்துப் பேர்.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

நரம்பு மண்டலமும் நாளமில்லாச் சுரப்பிகளும் படித்தவர்களுக்கு இந்தப் பகுதி எளிது.

மூளையின் உட்பகுதியில் அமிக்டாலா என்ற சிறிய அமைப்பு இருக்கிறது. அது பாதாம் பருப்பைப் போன்ற வடிவம் கொண்டது. ஆபத்து என்று படும் எதற்கும் முதலில் மணி அடிப்பது இதுதான். மணி அடித்ததும் ஹைப்போதலாமஸ் வழியாகக் கட்டளை கீழே இறங்குகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் சில நொடிகளில் அட்ரினலினை இரத்தத்தில் விடுகின்றன. இதயத் துடிப்பு கூடுகிறது, மூச்சு வேகமாகிறது, தசைகளுக்கு இரத்தம் பாய்கிறது. இதையே ‘எதிர்த்து நில் அல்லது ஓடு’ என்ற துலங்கல் என்று படித்திருப்பீர்கள். அடுத்து கார்ட்டிசோல் என்ற இன்னொரு ஹார்மோன் மெதுவாக ஏறுகிறது. அது உச்சத்தைத் தொட ஏறக்குறைய 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும்.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணிதான் இந்த மணியை அடக்க வேண்டிய பகுதி. யோசிப்பதும் திட்டமிடுவதும் “பரவாயில்லை, அது வெறும் கயிறுதான், பாம்பு இல்லை” என்று சொல்வதும் அதன் வேலை. அச்சம் உச்சத்தில் இருக்கும்போது இதன் பிடி தளர்ந்துவிடுகிறது. நீண்ட விளக்கங்களை மூளை வாங்கிக்கொள்வதில்லை. பின்னால் நிற்பவரும் உரத்த குரலும் வேகமாக நீளும் கையும் ஆபத்தாகவே தெரிகின்றன.

இல்லாத குரல் கேட்பவரின் நிலை இன்னும் கடினம். குரல் கேட்கும் நேரத்தில் அத்தகையவர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், செவிப்புலனோடும் மொழியோடும் தொடர்புடைய பகுதிகள் உண்மையாகவே செயல்படுவது தெரிந்தது. அவர் நடிக்கவில்லை, பொய் சொல்லவும் இல்லை. அவருடைய மூளையைப் பொறுத்தவரை அது கேட்கத்தான் செய்கிறது.

இவற்றை நினைவில் வைத்துக்கொண்டால் ஆம்புலன்ஸ் குழு செய்யும் ஒவ்வொன்றுக்கும் காரணம் புரியும்.

அழைப்பு எங்கே போகிறது?

2007-இல் மலேசிய அவசர அழைப்புச் சேவை தொடங்கப்பட்டதிலிருந்து போலீஸ், தீயணைப்பு மீட்புப் படை, மருத்துவமனை எல்லாவற்றிற்கும் 999 என்ற ஒரே எண்தான். முதலில் எடுப்பவர், உங்களுக்கு என்ன உதவி வேண்டும் என்று கேட்டு உரிய துறைக்கு மாற்றிவிடுவார். மருத்துவ உதவி என்றால், பேராக்கில் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் உள்ள மருத்துவ அவசர ஒருங்கிணைப்பு மையத்திற்கு அழைப்பு போகும்.

ஒரு கற்பனைச் சூழலைப் பின்தொடர்வோம். சுங்கை சிப்புட் பக்கம் முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த ஒரு குடியிருப்பு. மேலே நாம் பார்த்த, கதவைத் தாழிட்டுக்கொண்ட இளைஞர் அங்கே இருக்கிறார். வயது 23. படிவம் 3 படிக்கும் அவருடைய தங்கை 999-ஐ அழைக்கிறாள்.

மையத்தில் இருப்பவர் கேட்கும் கேள்விகள் இவை: எங்கே இருக்கிறீர்கள்? அவருக்கு வயது என்ன? மூச்சும் நினைவும் சரியாக இருக்கின்றனவா? கையில் கத்தி, பாராங் போன்றவை உண்டா? ஏதாவது விழுங்கினாரா? காயம் உண்டா? முன்பே சிகிச்சை எடுத்தவரா? வேறு நோய்கள் உண்டா?

இடத்தைச் சொல்வதில் தோட்டப் பகுதிகளுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. தாத்தா பாட்டி சொல்லும் தமிழ்ப் பெயர் வரைபடத்தில் இருக்காது. தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் ஒன்று, அது தாமான் ஆன பிறகு வைத்த மலாய்ப் பெயர் இன்னொன்று. உங்கள் வீட்டின் முழு முகவரியையும், அருகில் உள்ள கோயில், பள்ளி, பெரிய சாலைச் சந்திப்பு ஆகியவற்றையும் மலாயில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். யாராவது ஒருவர் சாலை முனையில் நின்று வழிகாட்டினால் பல நிமிடங்கள் மிச்சமாகும்.

வருபவர் யார்?

நம் அரசு மருத்துவமனை ஆம்புலன்ஸ்களில் பெரும்பாலும் வருபவர் மருத்துவ உதவி அதிகாரி. மலாயில் ‘பெனோலோங் பெகாவாய் பெருபாத்தான்’ என்பார்கள். முன்னாளில் ‘ஹாஸ்பிட்டல் அசிஸ்டன்ட்’ என்று அழைக்கப்பட்டதும் இதே பணிதான். தோட்டத்தில் பிறந்த உங்கள் தாத்தாவிடம் ‘டிரெசர்’ யார் என்று கேட்டுப் பாருங்கள். தோட்ட ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவர், காயத்திற்குக் கட்டுப் போட்டவர், யார் வீட்டில் யாருக்கு என்ன என்று அறிந்து வைத்திருந்தவர் அவர்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் புந்தோங் போன்ற நகரப் பகுதிகளுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்த பிறகு அந்த ஆள் இல்லாமல் போனார். முன்பின் தெரியாத ஒரு குடும்பத்திற்குள் இன்று ஆம்புலன்ஸில் வருபவர் சில நிமிடங்களில் நுழைய வேண்டியிருக்கிறது.

வந்ததும் அவர் நேராக அறைக்குள் ஓடமாட்டார். முதலில் சுற்றுமுற்றும் பார்ப்பார். ஆயுதம் இருக்கிறதா, வெளியேற வழி எது, நாய் கட்டப்பட்டிருக்கிறதா, கூட்டம் கூடியிருக்கிறதா என்று கவனிப்பார். ஆபத்து அதிகம் என்றால் போலீசார் வரும்வரை காத்திருப்பார். இதைப் பார்த்து “பயப்படுறாரு” என்று சிலர் சொல்வதுண்டு. மீட்க வந்தவரே காயப்பட்டால் அங்கே இரண்டு நோயாளிகள் ஆகிவிடுவார்கள். சி.பி.ஆர். பாடத்திலும் முதல் படி ‘இடம் பாதுகாப்பானதா என்று பார்’ என்பதுதானே?

முதல் சந்தேகம்: இது உடல் நோயாக இருக்குமோ?

பதறிப் பேசுகிறவர், உளறுகிறவர், ஆட்களை அடையாளம் தெரியாமல் திட்டுகிறவர் எல்லாரும் மனநோயாளிகள் அல்லர். உடலில் ஏற்படும் கோளாறு மூளையைத் தாக்கினாலும் இதே தோற்றம் வரும். அதனால் பயிற்சி பெற்றவர் முதலில் உடலைச் சந்தேகிப்பார்.

மூளையின் எடை உடல் எடையில் சுமார் 2 விழுக்காடுதான். ஆனால் ஓய்வாக இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. அதற்கு முக்கிய எரிபொருள் குளுக்கோஸ். இன்சுலின் போட்டுக்கொண்டு காலையில் சாப்பிடாமல் விட்ட நீரிழிவு நோயாளிக்கு இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 3.9 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் வியர்வை, நடுக்கம், எரிச்சல் தொடங்கும். இன்னும் இறங்கினால் உளறலும் முரட்டுத்தனமும் வரும். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்தால் சில நொடிகளில் உண்மை தெரிந்துவிடும். சர்க்கரை கொடுத்ததும் பலர் சில நிமிடங்களில் தெளிந்துவிடுவார்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு, இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். ஆகவே நம் வீடுகளுக்கு இந்த ஒரு சோதனை எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

விரலில் மாட்டும் சிறு கருவி இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும். வழக்கமாக அது 95 முதல் 100 விழுக்காடு வரை இருக்கும். ஆக்சிஜன் குறைந்தாலும் மனிதர் குழம்புவார். உடல் வெப்பநிலை, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, கண்ணின் பாவை, தலையில் அடிபட்ட தடயம் எல்லாம் பார்க்கப்படும். கடுமையான காய்ச்சல், மூளைத் தொற்று, வெப்பத் தாக்கு, வலிப்புக்குப் பின் வரும் குழப்பம் ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாகச் சம்சு குடித்துப் பழகிய ஒருவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டிலிருந்து நான்கு நாள்களுக்குள் கைநடுக்கம், காய்ச்சல், வியர்வையோடு இல்லாத பூச்சிகள் ஊர்வதாகத் தெரியத் தொடங்கலாம். மதுவுக்குப் பழகி அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்ட நரம்பு மண்டலம், மது இல்லாதபோது கட்டுக்கடங்காமல் தூண்டப்படுவதால் வரும் நிலை இது. வீட்டில் ‘பேய் பிடித்துவிட்டது’ என்பார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. நேரத்திற்கு மருத்துவமனைக்குப் போனால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

உடல் நோயைச் சுட்டும் சில அடையாளங்கள் இவை:

• சில மணி நேரத்தில் அல்லது ஓரிரு நாளில் திடீரென்று தொடங்கியது
• இதுவரை எந்த மனநலச் சிக்கலும் இல்லாத நடுத்தர வயதுக்காரர் அல்லது முதியவர்
• காய்ச்சல், வாந்தி, தலைவலி, வலிப்பு
• ஒரு நேரம் தெளிவும் ஒரு நேரம் மயக்கமும் மாறி மாறி வருவது
• இன்று என்ன கிழமை, தாம் எங்கே இருக்கிறோம் என்பது தெரியாமை
• குரல் கேட்பதைவிட உருவங்கள் தெரிவது அதிகமாக இருப்பது

பேச்சே முதல் மருந்து

நம் கற்பனை இளைஞரிடம் திரும்புவோம். தங்கை சொன்ன விவரங்களிலிருந்து அவருக்குக் காய்ச்சல் இல்லை, நீரிழிவு இல்லை, பல வாரங்களாகவே யாரோ தம்மைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லி வந்தார் என்று தெரிகிறது. அதிகாரி கதவருகே போகிறார். இரண்டு கை நீளத்திற்குக் குறையாத இடைவெளி விட்டு, சற்றுப் பக்கவாட்டில் நிற்கிறார். வழியை மறைக்கவில்லை. இரண்டு கைகளும் வெளியே தெரிகின்றன.

“தம்பி, நான் ஆஸ்பத்திரியில இருந்து வந்திருக்கேன். உங்களுக்கு உதவி செய்யத்தான் வந்தேன். உங்கள எப்படிக் கூப்பிடட்டும்?”

“அவங்க வெளிய நிக்கிறாங்க. பேசுறது கேக்கலையா உங்களுக்கு?”

“எனக்குக் கேக்கல தம்பி. ஆனா உங்களுக்குக் கேக்குதுன்னு புரியுது. ரொம்பப் பயமா இருக்கும்ல?”

இந்தச் சிறு உரையாடலில் பெரிய நுட்பம் இருக்கிறது. “ஆமா, எனக்கும் கேக்குது” என்று அவர் பொய் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அச்சம் உறுதிப்பட்டிருக்கும். “அதெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மா இரு” என்று மறுக்கவும் இல்லை. மறுத்திருந்தால் ‘இவரும் அவர்கள் ஆள்’ என்று இளைஞர் நினைத்திருப்பார். குரலைப் பற்றி விவாதிக்காமல் அச்சத்தைப் பற்றிப் பேசினார். அச்சம் இருவருமே ஒப்புக்கொள்ளக்கூடிய உண்மை.

பதற்றத்தைத் தணிக்கும் இந்தப் பேச்சுமுறைக்கு 2012-இல் அமெரிக்க அவசர மனநல மருத்துவர்கள் ஒரு வழிகாட்டியை வெளியிட்டார்கள். அதில் பத்துக் கூறுகள் உண்டு. அவற்றுள் முக்கியமானவை: இடைவெளியை மதித்தல், சீண்டாதிருத்தல், ஒருவர் மட்டும் பேசுதல், சுருக்கமாகப் பேசுதல், அவருக்கு என்ன வேண்டும் என்று கண்டறிதல், காது கொடுத்துக் கேட்டல், எது கூடாது என்பதை மரியாதையோடு தெளிவாகச் சொல்லுதல், தேர்வு செய்ய வாய்ப்பளித்தல்.

இவை வெறும் பண்பாட்டு விதிகள் அல்ல. முன்னே படித்த மூளைப் பாடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முன்மூளைப் புறணி தளர்ந்திருப்பதால் வாக்கியங்கள் சிறியவையாக இருக்க வேண்டும். அமிக்டாலா விழித்திருப்பதால் திடீர் அசைவு கூடாது. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எதைக் கேட்பது என்று மூளை திணறும். கார்ட்டிசோல் இறங்க நேரம் எடுக்கும் என்பதால் பொறுமை வேண்டும். “தண்ணி குடிக்கிறீங்களா, இல்ல முதல்ல உக்காந்துக்கிறீங்களா?” என்ற சிறிய தேர்வுகூட, கட்டுப்பாடு முழுவதையும் இழந்துவிட்டதாக நினைப்பவருக்கு அதில் கொஞ்சத்தைத் திருப்பித் தருகிறது.

எல்லா அதிகாரிகளுக்கும் தமிழ் தெரியாது. நெருக்கடியில் இருப்பவருக்குத் தாய்மொழி தவிர வேறு மொழி மனத்தில் ஏறாமல் போகலாம். அப்போது வீட்டில் அமைதியாக இருக்கும் ஒருவர் மொழிபெயர்க்க வேண்டும். சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும். “இவன் எப்பவும் இப்படித்தான்” என்று சொந்தக் கருத்தைச் சேர்க்கக் கூடாது.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கலாம் என்று தோன்றினால் அதிகாரி அதைச் சுற்றிவளைக்காமல் நேராகவே கேட்பார். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. யாராவது கேட்டார்களே என்ற நிம்மதியைத்தான் பலர் உணர்கிறார்கள்.

பிடித்துக் கட்டுவது எப்போது?

பேச்சு பலிக்காமல், உடனடி ஆபத்து இருக்கும்போது மட்டும், கடைசி வழியாக. அதற்கும் முறை உண்டு. ஒவ்வொரு கைக்கும் காலுக்கும் ஒருவர், தலைப்பக்கம் ஒருவர் என்று ஐந்து பேராவது வேண்டும். தலைப்பக்கம் நிற்பவர் மூச்சைக் கவனித்தபடி நோயாளியிடம் பேசிக்கொண்டே இருப்பார். குப்புறப் படுக்க வைத்து முதுகில் அழுத்துவது கூடவே கூடாது. மூச்சு விட நெஞ்சுக்கூடு விரிய வேண்டும், உதரவிதானம் கீழிறங்க வேண்டும் என்று படித்திருக்கிறோம். இரண்டையும் தடுத்தால், ஏற்கெனவே ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும் உடலில் சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடலாம். துணிப்பட்டை கட்டினாலும் விரல்களில் இரத்தம் ஓடுகிறதா என்று அடிக்கடி பார்ப்பார்கள்.

தேவைப்பட்டால் மருத்துவரின் உத்தரவின்படி ஊசி போடப்படும். மிடாசோலம் என்ற மருந்து, மூளையைச் சாந்தப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையைக் கூட்டுகிறது. ஹாலோபெரிடோல் என்ற மருந்து டோபமினின் வேலையைத் தடுக்கிறது. முன்னது மூச்சையும் மெதுவாக்கக்கூடும் என்பதால் ஊசிக்குப் பிறகு கண்காணிப்பு இன்னும் கூடுகிறது. ‘ஊசி போட்டாச்சு, தூங்கட்டும்’ என்று விட்டுவிட முடியாது.

வீட்டில் கட்டிப்போடுவது ஏன் ஆபத்து என்பதற்குத் தமிழ் மண்ணிலேயே மறக்க முடியாத பாடம் உண்டு. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள ஏர்வாடியில், மனநலம் குன்றியவர்களைத் தங்கவைத்திருந்த ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். இந்தியாவில் 2017-இல் இயற்றப்பட்ட மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோய் உள்ளவர்களை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று தடை செய்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டின் மனநலச் சட்டமும் அதே 2001-ஆம் ஆண்டில்தான் நிறைவேற்றப்பட்டது. நோய் காரணமாகத் தமக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருக்கும் ஒருவர் சிகிச்சைக்கு மறுத்தாலும், உரிய நடைமுறைப்படி மருத்துவமனைக்குக் கொண்டுபோக அது வழி செய்கிறது. அப்படிக் கொண்டுபோகப்படுபவரை 24 மணி நேரத்திற்குள் மனநல மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். லாக்கப்பில் நாள்கணக்கில் வைத்திருக்க முடியாது.

2023-இல் இரண்டு பெரிய மாற்றங்கள் வந்தன. முன்பு குற்றவியல் சட்டத்தின் 309-ஆவது பிரிவின்படி தற்கொலை முயற்சி ஒரு குற்றம். ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். உயிர் பிழைத்தவர் மருத்துவமனையிலிருந்து நீதிமன்றத்திற்குப் போகவேண்டி வரும் என்ற அச்சத்தால் பல குடும்பங்கள் உதவி கேட்காமலே இருந்தன. அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. இரண்டாவதாக, போலீசாரோடும் சமூகநல அதிகாரிகளோடும் தீயணைப்பு மீட்புப் படை, பொதுத் தற்காப்புப் படை, கடல்சார் அமலாக்க நிறுவனம் ஆகியவற்றின் அதிகாரிகளும் நெருக்கடித் தலையீட்டு அதிகாரிகளாகச் செயல்பட மனநலச் சட்டம் திருத்தப்பட்டது. உயரமான கட்டடத்தின் விளிம்பில் நிற்பவரிடம் முதலில் போய்ச் சேர்பவர் பெரும்பாலும் தீயணைப்பு வீரர் அல்லவா?

ஆகவே இன்று 999-ஐ அழைத்தால் ‘கேஸ் போட்டுவிடுவார்கள்’ என்று அஞ்ச வேண்டியதில்லை.

ஓர் ஊரின் பெயர்

ஈப்போவிலிருந்து சற்று வடகிழக்கே தஞ்சோங் ரம்புத்தான் இருக்கிறது. 1911-இல் அங்கே ஆங்கிலேயர் ஒரு மனநோய்க் காப்பகத்தைத் திறந்தார்கள். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் அங்கே தங்கியிருந்தார்கள். பலர் ஆண்டுக்கணக்கில், சிலர் இறக்கும் வரையில். 1952-இல் பிரான்சில் குளோர்புரோமசின் என்ற மருந்து பயன்பாட்டுக்கு வந்த பிறகுதான், உலகெங்கும் அத்தகைய நோயாளிகள் பெரும் எண்ணிக்கையில் வீடு திரும்பத் தொடங்கினார்கள்.

அந்த இடம் இன்று உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. ‘பஹாகியா’ என்றால் மகிழ்ச்சி. ஜொகூர் பாருவில் பெர்மாய், கூச்சிங்கில் செந்தோசா, கோத்தா கினாபாலுவில் மெஸ்ரா என்று நாட்டின் மற்ற மூன்று அரசு மனநல மருத்துவமனைகளுக்கும் இனிய பெயர்கள்தான். ஆனால் நம் வகுப்பறைகளில் என்ன கேட்கிறது? “நீ தஞ்சோங் ரம்புத்தான் கேஸுடா!” என்று நண்பனைக் கேலி செய்கிறார்கள். அந்த வகுப்பில் அம்மாவையோ அண்ணனையோ அங்கே சிகிச்சைக்குக் கூட்டிப்போகும் மாணவன் ஒருவன் இருக்கக்கூடும். அவன் இனி யாரிடமும் எதையும் சொல்லமாட்டான். நோய் முற்றும் வரை வீட்டிற்குள்ளேயே வைத்திருப்பதற்கு இப்படிப்பட்ட கேலியும் ஒரு காரணம். மனநோய்க்குச் சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்ல பலன் கிடைக்கும் என்பது மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது.

நம் இளைஞரையும் நேராகப் பஹாகியாவுக்கு அனுப்பிவிடமாட்டார்கள். அருகில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இரத்தப் பரிசோதனை முதலியவை முடிந்து, உடல் நோய் இல்லை என்று உறுதியான பிறகே மனநல மருத்துவர் பார்ப்பார். பலர் சில வாரங்களில் வீடு திரும்பி, மருந்தோடு படிப்பையும் வேலையையும் தொடர்கிறார்கள்.

சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோமில் 2015 முதல் மனநல நெருக்கடிக்கென்றே தனி ஆம்புலன்ஸ் ஓடுகிறது. இரண்டு மனநலச் செவிலியர்களும் ஓர் ஆம்புலன்ஸ் ஊழியரும் அதில் வருவார்கள். உள்ளே தள்ளுபடுக்கைக்குப் பதிலாக உட்கார்ந்து பேச இருக்கைகள் இருக்கும். நம் நாட்டில் அந்த வேலையையும் சாதாரண ஆம்புலன்ஸ் குழுவே செய்கிறது.

நீங்கள் செய்யக்கூடியவை

உலகச் சுகாதார நிறுவனம் மனநல முதலுதவியை மூன்று சொற்களில் சொல்கிறது: பார், கேள், இணை.

• பார்: ஆபத்து இருக்கிறதா? கூர்மையான பொருள்கள், மருந்துகள் எட்டும் இடத்தில் உள்ளனவா? ஆயுதம் ஏந்தியவரிடம் நீங்கள் நெருங்கக் கூடாது. தம்பி தங்கைகளோடு வெளியே போய் 999-ஐ அழையுங்கள்.
• கேள்: ஆபத்து இல்லை என்றால் அருகில் இருந்து கேளுங்கள். அறிவுரை வேண்டாம். ‘இதெல்லாம் ஒரு விஷயமா?’ என்ற சொல்லும் வேண்டாம்.
• இணை: பெற்றோர், பள்ளி ஆலோசக ஆசிரியர், மருத்துவர் என ஒரு பெரியவரிடம் கொண்டு சேருங்கள். நண்பர் “யார்கிட்டயும் சொல்லாதே” என்று சத்தியம் வாங்கியிருந்தாலும், உயிர் ஆபத்து என்றால் சொல்லத்தான் வேண்டும்.

பேச ஆள் வேண்டும் என்றால் சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ எண் 15555, தாலியான் காசே 15999, பிரெண்டர்ஸ் 03-7627 2929. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999.

சிந்தித்து விடை எழுதுக

1. மனநல நெருக்கடியில் உள்ளவரிடம் சிறிய வாக்கியங்களில் பேசுவதற்குக் காரணம் என்ன? மூளையின் எந்தப் பகுதியோடு இது தொடர்புடையது?
2. காலையில் நன்றாக இருந்த 58 வயது நீரிழிவு நோயாளி, மதியம் வியர்த்து நடுங்கி, மகளையே யார் என்று கேட்கிறார். முதலில் எதைச் சோதிக்க வேண்டும்? ஏன்?
3. ஒருவரைக் குப்புறப் படுக்க வைத்து முதுகில் அழுத்துவது ஏன் ஆபத்து? சுவாச இயக்கத்தைக் கொண்டு விளக்குக.
4. உங்கள் வீட்டிற்கு ஆம்புலன்ஸ் வர, 999-இல் என்னென்ன சொல்வீர்கள்? மலாயில் எழுதி, வீட்டாரிடம் படித்துக் காட்டுங்கள்.